கருந்துளைகளை ஒளித்து வைப்பவர்

எங்களிடம் பொய் சொல்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம். இதை நான் சொல்லவில்லை, அவரே சொல்வார். வேலைக்கு வந்து சேர்கிறவர் யாராக இருந்தாலும் முதல் நாளே சொல்லிவிடுவார். "நான் பொய் சொல்லுவேன். கண்டுபிடிக்கிறது ஒங்க பாடு." சொல்லும்போது முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. கோபமா, விளையாட்டா, ஒன்றும் தெரியாது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் முதன்முதலில் பயந்தேன். பிறகு வேறு வேறு காரணங்களுக்காகப் பயந்தேன். இன்றைக்கும் அந்தப் பயம் விட்டபாடில்லை.

ராமநாதபுரத்தில் ஒரு கல்லூரி, அதன் இரண்டாவது மாடியில் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டின மட்டும் சீமைக் கருவேலம். கடல் தெரியாது. ஆனால் காற்றோடு வருகிற உப்பு ஜன்னல் கம்பியைத் தின்றுகொண்டே இருக்கும். அங்கே உட்கார்ந்துகொண்டு நாங்கள் மூன்று பேர் கருந்துளைகள் மோதுவதைக் கணக்குப் போட்டோம். மேடம், முனியசாமி அண்ணன், நான். மேடத்துக்குக் கீழக்கரை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி துபாயில் இருந்தார். தம்பி மனைவியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு தினமும் பஸ்ஸில் வந்து போவார். வெளிநாட்டில் பெரிய இடத்தில் இருந்தவர் ஏன் இங்கே வந்தார் என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லி வைத்திருந்தார். எது நிஜம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவர் ஏன் பொய் சொன்னார் என்பது விளங்காது. விண்மீன் கூட்டங்களின் நடுவே பெரிய கருந்துளைகள் இருக்கின்றன. சூரியனைப்போலப் பல லட்சம் மடங்கு எடை, சிலவற்றுக்குக் கோடிக் கணக்கில். இரண்டு கூட்டங்கள் ஒன்று சேரும்போது அவற்றின் கருந்துளைகளும் ஒன்றையொன்று சுற்ற ஆரம்பிக்கும். சுற்றச் சுற்ற நெருங்கும். நெருங்க நெருங்க வேகம் கூடும். கடைசியில் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்போது அந்த இடமே அதிர்ந்து, அதிர்வு பிரபஞ்சம் முழுக்கப் பரவும். அதுதான் ஈர்ப்பலை. இந்தப் பெரிய மோதல்களின் அலையைப் பிடிக்க விண்வெளியில் ஒரு கருவியை நிறுத்தப் போகிறார்கள். இன்னும் நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு முன்னால் பிடிக்கிறவர்கள் பழக வேண்டாமா? பழகுவதற்குப் பொய்யாக ஒரு வருடத் தரவு வேண்டும். வெறும் இரைச்சல் நிறைந்த தரவு. அதற்குள்ளே சில மோதல்களை ஒளித்து வைக்க வேண்டும்.

ஒளித்து வைப்பது மேடத்தின் வேலை. எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில் சமன்பாடுகளை வாரக் கணக்கில் ஓடவிட்டு, இரண்டு கருந்துளைகளை மோதவைத்து, அதன் அலையை எடுத்து இரைச்சலுக்குள் புதைத்துவிடுவார். எத்தனை, எங்கே, எவ்வளவு எடை, அவருக்கு மட்டும்தான் தெரியும். நானும் முனியசாமி அண்ணனும் தேட வேண்டும். நாங்கள் தேடி, அந்தத் தரவு ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அது வெளி உலகத்துக்குப் போகும். தேடி முடிக்கும்வரை அவரிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். முகம்தான் சொன்னேனே.

இந்தப் பொய் வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது அவருடைய சுபாவத்திலேயே கலந்துவிட்டது. நான் சேர்ந்த அன்று அறை அறையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். கேண்டீன், கழிப்பறை, பஸ் நேரம், அண்ணனுக்கு எந்த ஊர், எல்லாம் சொல்லிவிட்டு, "இதுல ஒன்னு பொய். சாயங்காலத்துக்குள்ள சொல்லு" என்றார். எனக்குக் கை கால் ஓடவில்லை. நான் அபிராமம் பக்கத்தில் மிளகாய் வெள்ளாமை செய்கிற சம்சாரி மகள். படிப்பு மட்டும்தான் கைவசம், தைரியம் கிடையாது. பெண்கள் கழிப்பறை என்று அவர் காட்டியது நிஜமாகவே பெண்களுக்கானதுதானா என்று வாசலில் நின்று யோசித்தேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பேரு காளீஸ்வரி. பயம் மட்டும் இம்புட்டா? என்னாத்தா நீயி."

சாயங்காலம் திக்கித் திணறிச் சொன்னேன். "அண்ணனுக்கு உத்தரகோசமங்கைன்னு சொன்னீங்க மேடம். அவுகளுக்குப் பரமக்குடி."

"எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அவுகளுட்டயே கேட்டேன்."

"அவன் ஒன்ட்ட பொய் சொல்லலைன்னு எப்படித் தெரியும்?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். முந்தானையில் துடைத்தார். ஒரு பக்க வாய் மட்டும் மெல்லச் சிரித்தது. "சரிதான் புள்ள. பரமக்குடிதான்."

அன்றைக்கு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். மேடம் கண்ணாடியைக் கழற்றினால் பொய் முடிந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் எதையும் நம்பவும் கூடாது, நம்பாமல் இருக்கவும் கூடாது.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பார். இதுவும் எங்கள் தொழிலில் இருந்து வந்ததுதான். ஒரே மோதலைக் கம்ப்யூட்டரில் மூன்று விதமாக ஓட்டுவோம். முதலில் பெரிய கட்டங்களாகப் பிரித்து, அப்புறம் சின்னக் கட்டங்களாக, அப்புறம் இன்னும் பொடிக் கட்டங்களாக. மூன்றிலும் விடை ஒத்துப்போனால்தான் அதை நம்பலாம். மேடம் மனிதர்களையும் அப்படியே ஓட்டிப் பார்ப்பார். காலையில் "ஒங்க ஊர்ல மொளகாய்க்கு மழை பத்துமா?" என்பார். சாப்பாட்டு நேரத்தில் வேறு பேச்சுக்கு நடுவில் அதையே கேட்பார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மறுபடி. நான் ஒரு தடவை ஒன்றும் இன்னொரு தடவை வேறொன்றுமாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. "அப்ப காலைல சொன்னது?" என்று நின்றுவிடுவார்.

கருந்துளைகள் மோதுவதற்கு நிஜத்தில் சத்தம் கிடையாது. ஆனால் அலையைச் சத்தமாக மாற்றி ஸ்பீக்கரில் போடலாம். புதிதாக ஒரு மோதல் ஓடி முடிந்ததும் மேடம் அதைப் போடுவார். ஆரம்பத்தில் காதுக்கே எட்டாத ஒரு முனகல். கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலால் மேசையில் வட்டம் போட ஆரம்பிப்பார். முனகல் ஏற ஏற வட்டம் சின்னதாகும், வேகம் பிடிக்கும். கடைசியில் ஒரு கூவல், விரல் ஒரே புள்ளியில் வந்து நிற்கும். அதோடு அமைதி. மேடம் விரலை எடுக்கமாட்டார். "இன்னும் முடியல புள்ள. ஒன்னா ஆனதுக்கு அப்புறமும் கொஞ்சம் அதிரும். அதக் கேளு." எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்டது என்று தலையாட்டுவேன். அதையும் மூன்று தடவை கேட்பார்.

இன்னொன்றும் அவர் சொன்னதுண்டு. இரண்டு கருந்துளைகளைக் கணக்கில் கொண்டுபோய் வைத்த உடனே அலையில் ஒரு அசிங்கமான நடுக்கம் வரும். "அது அதுகளோட நடுக்கம் இல்ல. நம்ம கை பட்ட நடுக்கம். முதல்ல வார நடுக்கத்த நம்பாத, வெட்டி எறிஞ்சுரு." நாங்களும் வெட்டி எறிந்துவிடுவோம். அந்தப் பழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அப்போது யார் கண்டது?

தேடி முடித்ததும் திறப்பு நாள் என்று ஒன்று வரும். அன்றைக்குக் கீழக்கரையிலிருந்து தொதல் வரும். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் போட்டு, நாள் முழுக்கக் கிண்டிக் கறுப்பாகப் பளபளக்கிற தொதல். தூக்குச்சட்டியைத் திறக்காமல் மேசை நடுவில் வைத்துவிட்டு, தான் ஒளித்து வைத்தவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிப்பார். எதையும் பார்த்து வாசிப்பது கிடையாது. எத்தனையாவது வாரம், எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எல்லாம் மனப்பாடம். சொல்லி முடித்த பிறகுதான் பூட்டி வைத்திருந்த விடையைத் திரையில் போடுவார். அதைத் திறக்கிற கடவுச்சொல்லும் அவர் மண்டைக்குள்தான். ஒரு எண்கூட மாறியிருக்காது. கண்ணாடியைக் கழற்றுவார், ஒரு பக்க வாய் சிரிக்கும், அப்புறம்தான் தொதல். வழுவழுவென்று வாய்க்குள் போகும்போது, இந்தத் தடவையும் பிழைத்தோம் என்று இருக்கும்.

இப்படிப்பட்டவருக்கு ஒன்று நேர்ந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதுதான் எங்களுக்கு வந்த சோதனை.

முதலில் அந்த மிளகாய்க் கேள்வி. ஒருநாள் சாயங்காலம் மூன்றாவது தடவையும் கேட்டு முடித்து, நானும் பதில் சொல்லி, அவர் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டுத் திரும்பி, "ஒங்க ஊர்ல மொளகாய்க்கு மழை பத்துமா?" என்றார். நான்காவது தடவை என்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது. அண்ணனிடம் சொன்னேன்.

"இன்னும் பொடிக் கட்டமாப் போட்டுப் பார்க்குறாக. நீ மாத்திச் சொல்லிறாத," என்றார் அவர்.

அடுத்த வாரம் அண்ணனிடம் அவருடைய கல்யாணத்துக்குத் தேதி வைத்தாயிற்றா என்று கேட்டார். அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அதற்குப் பெயர் சூட்டிய விழாவில் மேடம் முன் வரிசையில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறார். அண்ணன் அசரவில்லை. "வச்சாச்சு மேடம், நீங்கதான் முன்ன நிக்கணும்" என்றார். மேடம் "இன்ஷா அல்லாஹ்" என்றார். அன்றைக்கும் அண்ணன் வெளியே வந்து சிரித்தார். நானும் சிரித்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றவில்லை என்பதை மட்டும் கவனித்தேன். சரி, இன்னும் முடிக்கவில்லை போல, ஒருநாள் கழற்றுவார் என்று விட்டுவிட்டேன். கை பட்ட நடுக்கம், வெட்டி எறிந்தாயிற்று.

அப்புறம் அந்த போன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என் போன் அடித்தது. அண்ணனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"காளி, ஒரு கேள்வி."

"சொல்லுங்க மேடம்."

"நான் பஸ்ஸுல இருக்கேன். ரெண்டு பக்கமும் கடலு. ஒரு பக்கம் ரயில் பாலம் தெரியுது. கீழ படகா நிக்கிது. காத்து ரொம்ப. நான் எங்கன இருக்கேன்?"

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தரவை வாசிக்கிற அதே குரல். எங்கள் வேலையில் இப்படி ஒரு பயிற்சி உண்டு. அலை எப்படி வந்தது என்பதை மட்டும் கொடுத்துவிட்டு, அது வானத்தில் எந்த இடத்திலிருந்து வந்தது என்று கேட்பார்கள். அண்ணனுக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"பாம்பன் பாலம்! இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்? வேற கஷ்டமாக் குடுங்க."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது.

"அப்ப கீழக்கரை?"

"கீழக்கரைக்கு ஒரு பக்கந்தான் கடலு. அது தெக்கால கெடக்கு, நீங்க கெழக்க ராமேஸ்வரம் போய்க்கிட்டு இருக்கீங்க!" அண்ணன் மேசையைத் தட்டிச் சிரித்தார்.

மறுபடியும் காற்று. ரொம்ப நேரம். அப்புறம், "சரிதான்" என்று ஒரு வார்த்தை. போன் வைக்கப்பட்டது.

"அண்ணே, அவுக ஏன் ராமேஸ்வரம் பஸ்ஸுல ஏறுனாக?" என்றேன். "கேள்வி போடணும்னா அங்கன போய்த்தானத்தா போடணும்? அவுகளப் பத்தி தெரியாதா ஒனக்கு?" என்றார் அண்ணன். உலகத்தில் வேறு எந்த ஆபீஸிலாவது இப்படி ஒரு போன் வந்திருந்தால் அடுத்த நிமிடம் ஆள் கிளம்பியிருக்கும். நாங்கள் விடை சரியாகச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் டீ குடிக்கப் போனோம். எனக்கு டீ இறங்கவில்லை.

திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். பாம்பனைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. கேட்கக்கூடாது என்பது விதி. நானும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோதனையா, நிஜமா? சோதனையாகவே இருக்க வேண்டும் என்று போகிற வழியில் இருக்கிற கோயில், பள்ளிவாசல் ஒன்று விடாமல் வேண்டிக்கொண்டேன்.

கம்ப்யூட்டர்கள் இருக்கிற எங்கள் அறைக்குள் தூசி போகக்கூடாது என்பதால் செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். மூன்று பேர், மூன்று ஜோடி. என்னுடையது பழுப்பு நிற ரப்பர் செருப்பு. அண்ணனுடையது படகு மாதிரி பெரிய தோல் செருப்பு. மேடத்துடையது வார் வைத்த கறுப்புச் செருப்பு. ஒருநாள் மதியம் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்தேன். மாடி வளைவில் நின்றால் அறை வாசல் தெரியும், வாசலில் நிற்பவருக்கு நாம் தெரியமாட்டோம். மேடம் அறையிலிருந்து வெளியே வந்து செருப்புகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

நின்றுகொண்டே இருந்தார். ஒரு காலை எடுத்து அண்ணனுடைய செருப்புக்குள் விட்டார். அது பெரிதாக இருக்கவே எடுத்துவிட்டார். வேறு யாருடையதும் அங்கே இல்லை, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தேன். மிச்சம் இருந்தது அந்தக் கறுப்புச் செருப்பு மட்டும்தான். அதற்குள் காலை விடவில்லை. குனிந்து அதைப் பார்த்தார். வராந்தாவில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பி, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார். அப்புறம் வெறும் காலோடு அறைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார்.

சோதனை வைப்பதென்றால் சோதிக்கப்படுகிறவர் அங்கே இருக்க வேண்டும். யாரும் இல்லாத வராந்தாவில் யாருக்காக நடிப்பார்கள்? ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அல்லவா போனார்?

கொஞ்ச நாளாகவே சாயங்காலம் அவர்தான் கடைசியாகக் கிளம்பினார். "நீங்க முன்ன போங்க, நான் வாரேன்" என்பார். வேலை மும்முரம் என்று நினைத்திருந்தோம். இப்போது புரிந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் எங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால் மிச்சம் கிடப்பது அவருடையது. அவ்வளவு புத்தியும் அப்படியே இருந்தது. அந்தப் புத்தியை வைத்துத்தான் தன்னை ஒளித்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தபோது எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

அண்ணனிடம் சொன்னேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. கோபப்பட்டார். "ஒரு தடவை பார்த்தத வச்சு முடிவு கட்டாத. நீ படியில நிக்கிறது அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா?" என்றார். அவரும் பயந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

திறப்பு நாள் வந்தது. அந்தத் தரவில் நாங்கள் தேடி ஐந்து மோதல்கள் கண்டுபிடித்திருந்தோம். மேடம் தூக்குச்சட்டியை மேசை நடுவில் வைத்தார். உட்கார்ந்தார். நாங்கள் காத்திருந்தோம். வழக்கமாக அவர்தான் ஆரம்பிப்பார்.

"இந்தத் தடவை மாத்திச் செய்வோம்," என்றார். "நீங்க சொல்லுங்க. சரியா தப்பான்னு நான் சொல்லுறேன்."

அண்ணன் முகம் மலர்ந்தது. புது மாதிரி சோதனை. எனக்கு வாசலில் கிடக்கிற செருப்புகள் ஞாபகம் வந்தன. நாங்கள் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், மிச்சம் அவருடையது.

நான்தான் சொல்ல ஆரம்பித்தேன். முதல் மோதலைச் சொன்னேன். "ஆமா" என்றார். இரண்டாவது. "ஆமா." மூன்றாவதில் எடையைக் கொஞ்சம் முன்பின்னாகச் சொல்லிவிட்டேன், முன்னெல்லாம் அந்த இடத்தில் பிடித்து உலுக்குவார். "ஆமா." நான்காவது, ஐந்தாவது. "ஆமா, நல்லாக் கண்டுபிடிச்சிருக்கீங்க, மாஷா அல்லாஹ்."

ஐந்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய் நிற்கவில்லை. தெரிந்தே ஆக வேண்டும் என்று ஒரு வெறி. அவர் எங்களிடம் செய்ததை நான் அவரிடம் செய்தேன்.

"ஆறாவது, கடைசி வாரத்துல ஒன்னு மேடம். ரெண்டும் ஒரே எடை. சத்தம் ரொம்ப லேசு."

அப்படி ஒன்று தரவில் கிடையாது. கடைசி வாரத்தை நானும் அண்ணனும் சல்லடை போட்டுச் சலித்திருந்தோம், வெறும் இரைச்சல். அண்ணன் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேடத்தின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழற்றுங்கள் மேடம், கழற்றிவிட்டு என்னைத் திட்டுங்கள், எனக்கே பொய் வைக்கிறாயா என்று கேளுங்கள். மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"ஆமா," என்றார் மேடம். "அதையும் நான்தான் வச்சேன்."

எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றாத அந்த முகத்தில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு அசைவைப் பார்த்தேன். பயம். என்னுடையதைவிடப் பெரிய பயம்.

"என்ன, தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார்.

"இல்ல மேடம். சரிதான்," என்றேன்.

தூக்குச்சட்டியை அண்ணன்தான் திறந்தார். மூன்று பேரும் தொதல் சாப்பிட்டோம். அண்ணன் தலை குனிந்தபடியே மென்றார், கண்ணிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. மேடம் விடையைத் திரையில் போடவில்லை. கடவுச்சொல் அவருக்கு நினைவில்லை என்பது மறுநாள் தெரிந்தது.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அவருடைய தம்பி மனைவி வந்து கூட்டிப்போனார். மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். இந்த நடு வயதிலும் இந்த மறதி நோய் வருவதுண்டு, வந்தால் இறங்குமுகம்தான், திரும்பாது என்று சொன்னாராம். அந்தத் தரவைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து புதிதாகச் செய்தோம். அவர் கடைசியாக ஒளித்து வைத்தது ஐந்துதானா, நாங்கள் காணாத இன்னும் ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று சொல்ல இனி ஆள் இல்லை.

இப்போது ஒளித்து வைப்பது என் வேலை. திறப்பு நாளில் அவரைப் போலவே பார்க்காமல் ஒப்பிக்கிறேன். ஒரு எண் நாக்கு நுனியில் நின்று வர மறுத்தால் போதும், அந்த இடத்திலேயே பயம் பிடித்துக்கொள்ளும். தினமும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது எது என்னுடையது என்று ஒரு கணம் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அவரைப் பார்க்கக் கீழக்கரைக்குப் போனேன். தம்பி மனைவி கதவைத் திறந்தார். "வாங்க. லாத்தா உள்ளதான் இருக்காக. இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்காக," என்றார். நாத்தனாரை அவர் லாத்தா என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தெளிவு என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். மேடம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டி தலையை மூடியிருந்தது. அதே கண்ணாடி. அதே அசையாத முகம். மடியில் ஆள்காட்டி விரல் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், நான் காளி வந்திருக்கேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். புள்ள என்று கூப்பிடுகிறவர், நீங்க என்றார்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். டாக்டர் சொன்னது, செருப்பு, கடைசி வாரத்து ஆறாவது மோதல், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் பயிற்சி பெற்ற புத்தி அந்தக் கண்ணாடியைவிட்டு நகரவில்லை. மிகப் பெரிய சோதனை ஒன்றை அவர் இத்தனை மாதமாக நடத்திக்கொண்டிருக்கலாம். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கலாம் என்று நினைத்தேன். விரல் வட்டம் போட்டுக்கொண்டே இருந்தது. வட்டம் சின்னதாகி, ஓரிடத்தில் நின்றது.

மேடம் கையைத் தூக்கினார். கண்ணாடியைக் கழற்றினார்.

முடிந்துவிட்டது, இதோ சிரிக்கப் போகிறார் என்று பாதி எழுந்துவிட்டேன். அவர் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

"இது யாரோடது?" என்றார்.

"ஒங்களோடதுதான் மேடம்."

தலையாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி, "இது யாரோடது?" என்றார். "ஒங்களோடது மேடம்" என்றேன். தம்பி மனைவி டீ கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். நான் கிளம்பி வாசல்வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது, மூன்றாவது தடவையாக. நான் திரும்பி நின்று, மாற்றாமல் அதே பதிலைச் சொன்னேன்.